சாமி கும்பிடாதவனுக்கு அந்த நிம்மதி கிடைக்குமா?

காவிரிக்கரை (இழை தொடங்கியவர்):

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருபது வயதுக்குள்ளேயே சாமி நம்பிக்கை போய்விட்டது. யாரோடும் வாதாடிப் போகவில்லை, சட்டைப்பையில் கிடந்த சில்லறை மாதிரி எங்கேயோ விழுந்துவிட்டது, நானும் தேடவில்லை. அம்மா அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு எண்ணெய்ப் புட்டி, திரி, ரெண்டு எலுமிச்சம்பழம் போட்ட ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினால் திரும்ப எட்டு மணியாகும். அப்பா இறந்த பிறகு பூ வைப்பதை விட்டார், பட்டுச்சேலையை விட்டார், இதை மட்டும் விடவில்லை. போகும்போது இருக்கிற முகம் வேறு, வரும்போது இருக்கிற முகம் வேறு. வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் சாப்பாடு.

தை மாதம் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தரையில் உட்காரக்கூடாது, படி ஏறுவது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் கோயிலுக்குப் பதினோரு படி, கைப்பிடி கிடையாது. நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு டேப் வாங்கி, பெரிய கோயில்களின் அபிஷேகத்தை நேரலையில் போட்டுக் கட்டிலுக்கு எதிரே நிறுத்தி வைத்தேன். முதல் வாரம் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டாவது வாரம் பாலாபிஷேகம் முடிவதற்குள் தூங்கிவிட்டார். மூன்றாவது வாரம், "அத அணைச்சுடு கண்ணு, வெளிச்சம் கூசுது" என்றார். கால் நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருக்கிறது, ஆள் வாடிக்கொண்டே போகிறார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கோயிலிலிருந்து வந்து அம்மா பேசிய அந்த அரை மணி நேரத்தில் ஒரு நாள்கூட மாரியம்மன் வந்ததில்லை. எந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம், எந்த மருமகள் மாமியாரோடு பேசுவதில்லை, பூக்காரம்மா இந்த வாரம் முழத்தை எப்படிக் குறைத்து அளந்தாள், இதுதான் பேச்சு.

என் சந்தேகம் இதுதான். அம்மாவுக்கு அந்த முகத்தைக் கொடுப்பது சாமியா, அல்லது சாமியைச் சுற்றி நடப்பதா? இரண்டாவதுதான் என்றால் என்னைப் போன்ற ஆளுக்கும் அது கிடைக்குமா? நாற்பது வயது நெருங்குகிறது, எனக்கு அப்படி எட்டு மணிக்கு மலர்ந்து வருகிற இடம் ஒன்றுமே இல்லை. நாத்திகம் ஆத்திகம் சண்டை இங்கே வேண்டாம், தயவுசெய்து.

சராசரிக்காரன்:

புள்ளியியல் என் பிழைப்பு, அதனால் முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையில் எண்ணைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பார்பரா ஃப்ரெட்ரிக்சன் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். 1998-ல் அவர் சொன்ன அடிப்படை எண்ணம் நல்ல எண்ணம். பயம் வந்தால் மனசு குறுகிவிடும், ஓடு அல்லது அடி, வேறெதுவும் தோன்றாது. மகிழ்ச்சி, ஆர்வம், நன்றி இதெல்லாம் வந்தால் மனசு அகலும், அகன்ற மனசு நாலு பேரைச் சேர்க்கும், புதிதாகக் கற்கும், அந்தச் சேமிப்பு பின்னால் கஷ்டத்தில் உதவும். சரி. ஆனால் 2005-ல் அவரும் லொசாடா என்பவரும் சேர்ந்து, மனிதன் செழிக்க நல்ல உணர்ச்சி கெட்ட உணர்ச்சியைப் போல 2.9013 மடங்கு இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நாலு தசம இடம்! மனித மனசுக்கு! கடைக்காரர் தங்கத்தைக்கூட இவ்வளவு துல்லியமாக நிறுத்துத் தரமாட்டார். எட்டு வருஷம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2013-ல் நிக் பிரவுன் என்ற பகுதிநேர முதுகலை மாணவர், சோகல், ஃப்ரீட்மன் என்ற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டார். திரவ ஓட்டத்துக்கான சமன்பாட்டைக் காரணமே இல்லாமல் மனித உணர்ச்சிக்கு ஒட்டவைத்திருந்தார்கள். கணிதப் பகுதியைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். லிம், பட்னம் இரண்டு பேரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் அம்மாவைப் பார்த்தே எழுதியது மாதிரி இருக்கும். அமெரிக்காவில் 2006, 2007 இரண்டு வருஷமும் அதே ஆட்களிடம் கேள்வி கேட்டார்கள். வாராவாரம் வழிபாட்டுக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் அதிகத் திருப்தியோடு இருந்தார்கள், அது பழைய செய்தி. புதுச் செய்தி என்னவென்றால், போகிற இடத்தில் நண்பர் ஒருவரும் இல்லாமல் தனியாக வந்து தனியாகத் திரும்புகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் திருப்தி இல்லை. போகாதவர்களும் அவர்களும் ஒன்றுதான். தனியாக எவ்வளவு ஜெபிக்கிறாய், கடவுளின் அன்பை எவ்வளவு உணர்கிறாய் என்பதெல்லாம் கணக்கில் நிற்கவில்லை. டேப் ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது தெரிகிறதா?

காவிரிக்கரை:

நன்றி சகோ. அப்படியானால் பூப்பந்து கிளப்பில் சேர்ந்தால் போதுமா? சாமியே தேவையில்லையா?

சராசரிக்காரன்:

அவ்வளவு சுளுவாக முடியாது. அதே ஆய்வில் ஒரு கொக்கி இருக்கிறது. அங்கே நண்பர்கள் இருந்து, "இந்த மதம் என் அடையாளம்" என்ற எண்ணமும் வலுவாக இருந்தவர்களுக்குத்தான் பலன் முழுதாகக் கிடைத்தது. அரட்டைக்கு மட்டும் போகிறவனுக்குக் கம்மிதான்.

இன்னொன்று, அமெரிக்க நர்சுகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு, 74,534 பெண்கள், டைலர் வாண்டர்வீல் குழு 2016-ல் வெளியிட்டது. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வழிபாட்டுக்குப் போனவர்களுக்கு, போகாதவர்களைவிட இறப்பு விகிதம் 33 சதவீதம் குறைவு, பதினாறு வருஷத்தில். ஏன் என்று பிரித்துப் பார்த்தபோது சுற்றத்தின் ஆதரவு விளக்கியது கால் பங்கு அளவுதான். புகைபிடிக்காதது ஒரு ஐந்தில் ஒரு பங்கு. மனச்சோர்வு குறைவது கொஞ்சம். மிச்சம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் என் வழக்கமான புலம்பல். இதெல்லாம் பார்த்துப் பதிவு செய்தது. நடக்க முடிந்தவர்தான் கோயிலுக்குப் போவார். முடியாதவர் வீட்டில் இருப்பார். நிம்மதியால் கோயிலா, கோயிலால் நிம்மதியா? எவ்வளவு சரிக்கட்டினாலும் இந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டே வரும். யாரையாவது குலுக்கல் போட்டு "நீ இன்றிலிருந்து பக்தன்" என்று அனுப்ப முடியுமா?

நோன்புக்கஞ்சி:

சராசரி அண்ணே, குலுக்கல் போட முடியாதுதான். ஆனால் நிலாவே குலுக்கல் போட்டுக் கொடுத்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கும், படியுங்கள்.

எங்கள் ஹிஜ்ரி நாட்காட்டி நிலாவை வைத்து ஓடுவது, அதன் வருஷத்துக்குச் சுமார் 354 நாள். அதனால் ரமலான் ஒவ்வொரு வருஷமும் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போய், முப்பத்துமூன்று வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிடும். நமக்கு இது பெரிய வித்தியாசமில்லை, தமிழ்நாட்டில் கோடையோ மார்கழியோ நோன்பு பதின்மூன்று பதினான்கு மணி நேரத்தைச் சுற்றித்தான். துருக்கி மாதிரி வடக்கே போகப்போக ஜூன் மாத நோன்பு ரொம்ப நீளும், டிசம்பர் நோன்பு ரொம்பச் சுருங்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நாட்டுக்கு மாறாது. ஆக, எந்த நாட்டில் எந்த வருஷம் நோன்பு எத்தனை மணி நேரம் என்பதை எந்த மனுஷனும் தீர்மானிக்கவில்லை. கம்பான்ட்டே, யானகிசாவா ட்ரோட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2015-ல் இதை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். நோன்பு நேரம் நீண்ட வருஷங்களில் முஸ்லிம் நாடுகளின் பொருளாதார வளர்ச்சி குறைந்தது. ஆனால் அதே வருஷங்களில் அங்கே இருக்கிற முஸ்லிம்கள் தங்கள் வாழ்க்கை திருப்தியாக இருப்பதாகச் சொன்னது கூடியது.

காசு குறைந்தது, சந்தோஷம் கூடியது. கஷ்டம் அதிகமான வருஷத்தில்!

எனக்கு இது ஆச்சரியமே இல்லை. எங்கள் பள்ளிவாசலில் அஸர் (பிற்பகல் தொழுகை) முடிந்ததும் தூக்குவாளி வரிசை ஆரம்பிக்கும். நோன்பு வைத்தவன், வைக்காதவன், பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளைகள், எல்லோரும் நிற்பார்கள். பெரிய தேக்சாவில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி, புதினா போட்டுக் கொதித்துக்கொண்டிருக்கும் அந்த வாசனையைப் பசியோடு முகர்ந்துகொண்டு நிற்கிறோமே, அந்த நிற்பில் ஒன்று இருக்கிறது. அதே கஞ்சியை ரமலான் முடிந்து அடுத்த ஷவ்வால் மாதம் வீட்டில் வைத்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும். உம்மா கைப்பக்குவம் அதேதான், அரிசி அதேதான்.

சராசரிக்காரன்:

பாய், அந்தக் கட்டுரையை இப்போதுதான் தேடிப் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன், அழகான யோசனை. இருந்தாலும் அது நாட்டு அளவுக் கணக்கு, ஒரு ஆளின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லாது. (ஒத்துக்கொண்டதே பெரிசு என்று என் மனைவி பக்கத்தில் இருந்து சொல்கிறாள்.)

மணல்மேடு:

கஷ்டம் அதிகமானால் சந்தோஷம் கூடுகிறது என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மொரீஷியஸில் ஒரு துணி ஆலையில் இரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், ஆனால் தமிழ் வம்சாவளி ஆட்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குத் தமிழில் முருகன் பேரையும் சாப்பாட்டுப் பேர்களையும் தவிர ஒன்றும் தெரியாது. ஐம்பது வயது தாண்டியவர், சர்க்கரை உண்டு, வீட்டில் கடன் உண்டு. பத்து நாள் விரதம் இருந்து, கன்னத்திலும் நாக்கிலும் வேல் குத்தி, முதுகில் கொக்கி போட்டு, காவடியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கிளம்பினார். அங்கே ஜனவரி பிப்ரவரிதான் கொடுங்கோடை, தார் ரோடு கொதிக்கும். பக்கத்தில் அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு, அவர் கால் வைக்கும் இடத்தில் ஊற்றிக்கொண்டே நடந்தார். கோயில் மலைமேல். நான் வெறுமனே நடந்தே மேலே போய்ச் சேருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல் வரும், புண் சீழ் பிடிக்கும் என்று நான் பயந்துகொண்டு போய்ப் பார்த்தால், வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்டுக்கொண்டு சிரிக்கிறார். கன்னத்தில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான்.

இதை யாராவது அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன். அளந்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. திமித்ரிஸ் சிகலாடாஸ் என்ற கிரேக்க மானிடவியலாளர், மொரீஷியஸ் காவடியை வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். காவடி எடுப்பவர்கள் உடம்பில் கருவி கட்டி, முன்னாலும் பின்னாலும் பரிசோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். உடல்நலத்துக்குக் கெடுதல் எதுவும் தென்படவில்லை. மனநலம் கூடியிருந்தது. யாருக்கு அதிகம் கூடியது? அதிகமாகக் குத்திக்கொண்டவர்களுக்கு. நாள்பட்ட நோய் உள்ளவர்களும் வசதி குறைந்தவர்களும்தான் அதிகமாகக் குத்திக்கொண்டார்கள் என்பதும் அதில் வருகிறது.

அதற்கு முன்னால் 2013-ல் இன்னொரு ஆய்வு, அதே குழு. திருவிழா முடிந்து வருகிற ஆளிடம் 200 ரூபாய் கொடுத்து, ஒரு மறைவான இடத்தில் நீ விரும்பினால் கோயிலுக்கு நன்கொடை போடு, யாருக்கும் தெரியாது என்று விட்டார்கள். உட்கார்ந்து கூட்டு வழிபாடு செய்துவிட்டு வந்தவர்கள் சராசரியாக 80 ரூபாய் அளவு போட்டார்கள். காவடி எடுத்தவர்கள் 130 அளவு. ஆனால் எல்லோரையும்விட அதிகம் போட்டது கூடவே நடந்துவந்தவர்கள், 160 அளவு. குத்திக்கொண்டவனைவிட, செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்த மனைவிக்கு மனசு அதிகம் இளகியிருக்கிறது. காவிரிக்கரை தம்பி, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது. வேல் குத்திக்கொள்ள வேண்டாம், செம்பைத் தூக்கலாம்.

இரவுப்பணி:

நான் செவிலியர், பெயருக்கு ஏற்ற வேலை நேரம்தான். எல்லோரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள், கொஞ்சம் கசப்பும் வேண்டும்.

இதய வார்டில் தலையணைக்கு அடியில் விபூதிப் பொட்டலமோ ஜெபமாலையோ இல்லாத படுக்கை அபூர்வம். நான் எடுத்துப் போடுவதில்லை, துணி மாற்றும்போது எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைப்பேன். அது வேலை செய்கிறதா என்று கேட்டால், 2006-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் பைபாஸ் அறுவை சிகிச்சை நோயாளிகள் 1,802 பேரை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்காக அந்நியர்கள் ஜெபித்தார்கள், அவர்களுக்கு அது உறுதியாகத் தெரியாது. ஒரு பிரிவுக்கு ஜெபம் இல்லை, அவர்களுக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவுக்கு, உங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று சொல்லியே செய்தார்கள். முதல் இரண்டு பிரிவிலும் சிக்கல் வந்தவர்கள் 52, 51 சதவீதம். சொல்லிச் செய்த பிரிவில் 59. "எனக்காக ஊரே ஜெபிக்கிறது என்றால் என் நிலைமை அவ்வளவு மோசமா" என்று பயந்திருப்பார்கள் என்று ஒரு ஊகம். எங்கள் வார்டில் தினமும் பார்க்கிற முகம்தான் அது.

இன்னும் கசப்பானது இன்னொன்று. கென்னத் பர்கமென்ட் என்பவர் மதத்தைப் பற்றிக்கொண்டு கஷ்டத்தைச் சமாளிப்பதையே வாழ்நாள் வேலையாகப் படித்தவர். 55 வயதுக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 596 பேரை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து 2001-ல் எழுதினார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், அவருக்கு என்மேல் அன்பு இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது, இது பிசாசின் வேலை, இப்படி மனசுக்குள் மல்லுக்கட்டியவர்கள் அந்த இரண்டு வருஷத்தில் இறந்துபோகும் அபாயம் கூடுதலாக இருந்தது, நோயின் தீவிரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும். மதம் ஒரே மருந்து, இரண்டு விதமாகவும் வேலை செய்யும்.

பெயர் எதற்கு:

இரவுப்பணி அக்கா எழுதியதைப் படித்த பிறகுதான் உறுப்பினராகப் பதிந்தேன். இதுதான் என் முதல் பதிவு.

என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். மூன்று வயதுவரை நானும் செவ்வாய், வெள்ளி தவறாமல் போனவள்தான், எங்கள் தெருமுனைக் கோயில், எல்லோரும் தெரிந்தவர்கள். அவன் மணிச்சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். முதலில் பாவம் என்றார்கள். அப்புறம் குலதெய்வத்துக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அப்புறம் ஒருவர், பெரியவர், நல்லவர்தான், என் பக்கத்தில் குனிந்து "போன ஜென்மத்துல என்ன பண்ணியோ" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன்.

ஒன்பது மாதம் அந்த வாக்கியத்தோடு படுத்து எழுந்தேன். என்ன பண்ணினேன், என்ன பண்ணினேன் என்று. லிம், பட்னம் கணக்கில் நான் எங்கே வருவேன்? எனக்கு அங்கே நண்பர்கள் இருந்தார்கள். நம்பிக்கையும் இருந்தது. அந்த நண்பர்கள்தான் அந்த நம்பிக்கையை எடுத்து என் நெஞ்சிலேயே வைத்து அழுத்தினார்கள்.

சராசரிக்காரன்:

உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். சராசரி என்று பேர் வைத்துக்கொண்டு அலைகிற எனக்கு இது தேவைதான். அந்த ஆய்வில் நீங்கள் வரவே மாட்டீர்கள் சகோதரி. போவதை நிறுத்திய நாளிலிருந்து "போகாதவர்கள்" என்ற பெட்டியில் உங்களைப் போட்டிருப்பார்கள். கோயில் யாரையெல்லாம் வெளியே தள்ளியது என்பது "போகிறவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்ற வரியில் தெரியாது.

நோன்புக்கஞ்சி:

தங்கச்சி, எங்கள் பக்கமும் இதே கதைதான். சோதனை, அல்லாஹ் பிடித்தமானவர்களுக்குத்தான் கொடுப்பான் என்பார்கள். சொல்வது சுலபம், இரவு மூன்று மணிக்கு விழித்திருப்பது தாய். பையன் எப்படி இருக்கிறான் இப்போது?

பெயர் எதற்கு:

நன்றாக இருக்கிறான் அண்ணா. பள்ளிக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவனைப் போன்ற பிள்ளைகளின் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பூங்காவில் கூடுகிறோம். யாருடைய பிள்ளை கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் திரும்பிப் பார்க்காததுதான் எனக்கு இப்போது கோயில் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆல்ட்டோக்குரல்:

தேவாலயப் பாடகர் குழுவில் இருபது வருஷமாக இருக்கிறேன், விசுவாசம் பாதி நாள் இருக்கும் பாதி நாள் இருக்காது, பாட்டுக்கு மட்டும் லீவு போட்டதில்லை. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பாட்டி வான் கப்பெலன் என்பவர் ஐரோப்பியக் கத்தோலிக்கர்களிடம் ஆராய்ந்து 2016-ல் எழுதியதில், மதத்துக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் நடுவில் நிற்பது எந்த உணர்ச்சிகள் என்று பார்த்தார்கள். வியப்பு, நன்றி, அன்பு, அமைதி இந்த நாலும் நின்றன. பெருமிதமும் வேடிக்கைச் சிரிப்பும் நிற்கவில்லை. அதாவது "நான்" கொஞ்ச நேரம் ஒதுங்கி உட்காருகிற உணர்ச்சிகள் மட்டும். நாலு சுரமும் ஒன்றாக விழுகிற அந்த ஒரு கணத்தில் என் குரல் எது என்று எனக்கே தெரியாது. அதற்காகத்தான் போகிறேன்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்த கன்னியாஸ்திரீகள் ஆய்வு. 180 பேர், மடத்தில் சேர்ந்த காலத்தில், சராசரியாக 22 வயதில், தங்கள் கையாலேயே எழுதிய வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் படித்து, அதில் மகிழ்ச்சிச் சொற்கள் எத்தனை என்று எண்ணினார்கள். அறுபது வருஷம் கழித்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2001-ல் வெளியானது. மகிழ்ச்சியோடு எழுதியவர்கள், வறட்சியாக எழுதியவர்களைவிடப் பத்து வருஷம்வரை கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரே மடம் மாதிரியான வாழ்க்கை, ஒரே சாப்பாடு, கல்யாணம் இல்லை, சிகரெட் இல்லை, எல்லோருக்கும் விசுவாசம் உண்டு. அப்படியும் அவ்வளவு வித்தியாசம். எனவே விசுவாசம் இருந்தால் தானாக மகிழ்ச்சி வரும் என்று சொல்லாதீர்கள், மடத்துக்குள்ளேயே வரவில்லை.

சராசரிக்காரன்:

மகிழ்ச்சியாகப் பிறந்த ஆட்கள் மகிழ்ச்சியாக எழுதியிருப்பார்கள், அதே உடல்வாகு அவர்களை நீண்ட நாள் வாழவும் வைத்திருக்கலாம். சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அதனால் சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டான்:

இவ்வளவு தூரம் எதற்கு, டென்மார்க்கைப் பாருங்கள். சர்ச்சுகள் காலி, மக்கள் சந்தோஷம். மதம் தேவையே இல்லை. முடிந்தது.

மணல்மேடு:

முடியவில்லை நண்பரே. எட் டீனர், டே, மையர்ஸ் மூவரும் 2011-ல் இதையேதான் ஆராய்ந்தார்கள். பசி, ஆயுள் குறைவு, பாதுகாப்பின்மை அதிகமான நாடுகளில் மதப்பற்று உள்ளவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருக்கிறார்கள். வசதியான, பாதுகாப்பான நாடுகளில் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது. டேனிஷ்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் என்றால் அரசு பார்த்துக்கொள்ளும். நமக்கு யார் வந்து பார்த்துக்கொள்வார்கள்? வெள்ளிக்கிழமைப் பெண்கள்தான். டென்மார்க்கின் வரியும் நம் ஊர் விளக்கு பூஜையும் ஒரே வேலையில் பாதியைச் செய்கின்றன என்பது என் கருத்து, ஆய்வு முடிவு இல்லை.

நெறியாளர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை தொடங்கியவர் முதல் பதிவிலேயே சண்டை வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பெரியார் பெயரையும் பெருமாள் பெயரையும் வைத்து அடித்துக்கொள்ள வேறு இழைகள் நிறைய இருக்கின்றன.

காவிரிக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். 'பெயர் எதற்கு' எழுதியதை மட்டும் நிறையத் தடவை.

நடந்ததைச் சொல்கிறேன். செம்பைத் தூக்கலாம் என்று மணல்மேடு அண்ணன் எழுதியது மண்டையில் உட்கார்ந்துவிட்டது. போன வெள்ளிக்கு முந்தைய வெள்ளி கோயில் வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவில்லை, செருப்பு விடும் இடத்தில் நின்றேன். அம்மாவின் கூட்டாளிகள் ஆறு பேர் வெளியே வந்தார்கள். எனக்கு அவர்கள் பெயர்கூடச் சரியாகத் தெரியாது, அவர்களுக்கோ நான் எட்டாம் வகுப்பில் கணக்கில் எத்தனை மார்க் என்பதுவரை தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் விளக்கை எங்கள் வீட்டில் ஏற்றலாமா என்று கேட்டேன். ஒரு பாட்டி, "ஆபரேசன் முடிஞ்சு இத்தன நாள் கழிச்சுத்தான் கூப்புடத் தோணுச்சா? நாங்களா வரலாம்னா நீ ஆபீசு போட்டுட்டு உக்காந்திருப்ப, கதவத் தட்டப் பயமா இருக்குது" என்றார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தி வைத்திருந்தது நான்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று வந்தார்கள். அம்மா மத்தியானமே தலைக்குக் குளித்துவிட்டு, நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னார். அவர் மட்டும் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். எலுமிச்சையை இரண்டாக வெட்டிப் பிழிந்து, தோலைத் திருப்பிக் கிண்ணமாக்கி, அதில் எண்ணெய் விட்டுத் திரி போட்டார்கள். எனக்குச் சுண்டல் வேலை. பாட்டுப் பாடினார்கள், சுருதி ஒன்றும் சேரவில்லை (ஆல்ட்டோக்குரல் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார்). பத்து நிமிஷத்தில் சாமி முடிந்தது. அதற்கப்புறம் ஒன்றே முக்கால் மணி நேரம் பேச்சு. நடுவில் அம்மாவுக்கும் அந்தப் பாட்டிக்கும் பழைய சீட்டுப்பணம் பற்றி ஒரு சண்டை வந்தது. குரலை உயர்த்தி அம்மா சண்டை போட்டு எத்தனை மாதம் ஆயிற்று! போகும்போது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் கால் மணி நேரம் நின்றார்கள், வலிக்கும் காலோடு.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாமி வரவில்லை, வியப்பு அமைதி எதுவும் பெரிதாக வந்த மாதிரித் தெரியவில்லை. அடுப்படியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டே அவர்கள் பேச்சைக் கேட்டேன். பூக்காரம்மாவின் பெண் நர்சிங் சேர்ந்திருக்கிறாளாம். இன்று காலையில் அவளைக் கடையில் பார்த்தபோது, எந்தக் கல்லூரி என்று நானாகவே நின்று கேட்டேன். பத்து வருஷமாக அங்கே பூ வாங்குகிறேன்.

பெயர் எதற்கு:

சந்தோஷம் அண்ணா. அம்மா கோயிலுக்கே திரும்பப் போவாரா?

காவிரிக்கரை:

போகத்தான் துடிக்கிறார். வீட்டில் ஏற்றியது நல்லாத்தான் இருந்தது, ஆனா மணி இல்லையே என்கிறார். பதினோரு படிக்கு ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி வைக்க என்ன செலவாகும் என்று பட்டறையில் விசாரித்திருக்கிறேன், கோயில் கமிட்டியிடம் இன்னும் கேட்கவில்லை. சாமி கும்பிடாதவன் பணம் வாங்குவார்களா தெரியாது.

நோன்புக்கஞ்சி:

வாங்குவார்கள். எங்கள் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பக்கத்துத் தெரு செட்டியார் அரிசி மூட்டை அனுப்புகிறார், யாரும் ஒன்றும் கேட்டதில்லை. சுண்டல் எப்படி இருந்ததாம்?

காவிரிக்கரை:

உப்பு பத்தவில்லையாம். அடுத்த வெள்ளிக்கு அந்தப் பாட்டியே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.